பற்றரியில் ஊற்றிய நல்ல தண்ணி

மகனே, கார் உயிர் பிடித்துவிட்டது, பதின்மூன்று வருஷம் கொட்டிலுக்குள் செத்துக் கிடந்த நம்முடைய கார் இன்று காலை புதுப் பற்றரி போட்டு ஸ்ராட்டரை ஒரேயொரு தரம் மிதித்ததும் உறுமிக்கொண்டு எழும்பி முற்றத்துக் கோழிகளையெல்லாம் வேலிக்கு மேலால் பறக்க வைத்துவிட்டது!

உன் பெரியம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புள்ளைட கலியாணத்துக்கு ஓடுமா?" என்று கேட்டாள். "கலியாணத்துக்கு என்ன, கொழும்புக்கும் ஓடும்!" என்று கத்தினேன். நிற்பாட்டினேன், மறுபடி மிதித்தேன். ஐந்து தரம் அப்படிச் செய்தேன் மகனே, ஐந்து தரமும் பிடித்தது. ஆறாம் தரம் மிதிக்கக் காலை வைத்தேன், மிதிக்கவில்லை. இறங்கி வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். திருகோணமலையிலிருந்து நீ எழுதிய காகிதம் என் முன்னால் கிடக்கிறது. "கலியாணத்துக்கு வேறு வாகனம் வேண்டாம் அப்பா. அம்மாவை ஏற்றிக்கொண்டு போன அந்தக் காரில்தான் நான் பொம்பிளை வீட்டுக்குப் போவேன். கை முறியும்வரை போராடின உங்களுக்குப் பக்கத்தில் இருந்து போவதுதான் எனக்குப் பெருமை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிக்காகத்தான் ஆறு மாதமாக ஒவ்வோர் ஆணியாகக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டேன். அதே வரியினால்தான் இப்போது எழுதுகிறேன். நீ அதில் ஏறுவதற்கு முன்னால் அன்றைக்கு அது ஏன் நின்றது என்று உனக்குத் தெரிய வேண்டும். என் கை முறிந்ததால் நிற்கவில்லை.

நேரே அதற்கு வர எனக்குத் தைரியம் இல்லை. பற்றரியில் இருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள். நீ கலியாணம் முடித்து வாவியைக் கடந்து எழுவான்கரையில் உன் பெண்சாதி வீட்டோடு இருக்கப் போகிறாய். காரும் உன்னோடுதான் வரும். பற்றரி இளைப்பதை அது முன்கூட்டியே சொல்லும், கேட்கிற காது வேண்டும். காலையில் முதல் மிதியில் ஸ்ராட்டர் கலகலவென்று சுற்றாமல் சேற்றில் மாட்டின மாடு மாதிரி முக்கும். ஹோர்ன் தடிமன் பிடித்தவன் பேசுவதுபோலக் கரகரக்கும். லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை மிதித்துப் பார். வெளிச்சம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை, சிவந்து சுருங்கிப் போனால் பயப்படு. ஆனால் எடுத்த எடுப்பிலேயே பற்றரியைக் குற்றம் சொல்லாதே. முனைகளில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, வயர் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அம்பியர் முள் சார்ஜ் பக்கம் சாய்கிறதா என்று பார். சாயாவிட்டால் பிழை டைனமோவில். இதெல்லாம் சரியாக இருந்தும் இரவு சும்மா நின்ற கார் காலையில் எழும்பவில்லை என்றால் நோய் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. மூடிகளைத் திறந்து, மிதவை உள்ள கண்ணாடிக் குழாயால் மூன்று அறையிலும் அசிட்டை உறிஞ்சிப் பார். நன்றாகச் சார்ஜ் பண்ணின பிறகும் இரண்டு அறையில் மிதவை உயர்ந்து நின்று, ஒன்றில் மட்டும் தாழ்ந்து கிடந்தால் அந்தப் பற்றரி முடிந்தது. மாற்று. அன்றைக்கே மாற்று. இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று மட்டும் சொல்லாதே. அதை நான் சொன்னேன்.

எனக்கு இதையெல்லாம் யாரும் படிப்பிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் விட்டுப்போன அந்தக் காரை வாங்கி, கழற்றிப் பூட்டி, கழற்றிப் பூட்டித்தான் பழகினேன். சைக்கிள் போனாலே பிள்ளைகள் பின்னால் ஓடுகிற வவுணதீவில் நான் ஒருவன் கார் வைத்திருந்தேன். எனக்கு அது வெறும் இரும்பு இல்லை மகனே, பைத்தியம் பிடித்திருந்தது. வயலில் நின்றவர்கள் கை தட்டினால் வேண்டுமென்றே ஹோர்ன் அடித்துக்கொண்டு போவேன். மோட்டரைப் பற்றி எனக்குத் தெரியாதது இந்தப் படுவான்கரையில் ஒருவருக்கும் தெரியாது என்று நானே சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். டவுனில் பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்த காத்தான்குடிக் காசிம் காக்கா ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி ஊத்திக்கொள்ளுங்க தம்பி" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். என்ன தண்ணி காக்கா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே.

வாவியோரத்து மனிதருக்கு நல்ல தண்ணி என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பத்துக் கிணறு தோண்டினால் எட்டு உவர். வாயில் வைக்கக்கூடிய கிணறுதான் நல்ல தண்ணிக் கிணறு. நம் வளவில் இருப்பது அப்படி ஒன்று, உன் அம்மாவுக்கு அதில் இருந்த பெருமை எனக்குக் காரில் இருந்ததைவிடக் கூட. "எங்கட கிணத்துல ஒரு சொட்டு உவர் இல்ல. டவுனால வாறவங்க ரெண்டு செம்பு குடிச்சிட்டுத்தான் போவாங்க. உங்கட பெட்டிக்கு இதவிட நல்ல தண்ணி எங்க எடுக்கப் போறீங்க?" என்று சொல்லி, வெள்ளைத் துணியில் வடித்து, விளக்கின செம்பில் அவளே கொண்டுவந்து தருவாள். "என்னைவிட அதுக்குத்தான் நேரத்துக்குத் தண்ணி காட்டுறீங்க, ஒரு நாளைக்குக் கண்டுக்குட்டி போடத்தான் போகுது" என்று சிரிப்பாள். மாதம் மாதம் ஊற்றினேன். ஒரு வருஷத்துக்குள் பற்றரி இளைக்கத் தொடங்கியது. அவளுடைய செம்பில் பிழை இல்லை. என்ன கேட்டேனோ அதைத்தான் அவள் தந்தாள்.

கடைசியில் காக்காவிடமே கொண்டுபோனேன். அவர் குழாயால் உறிஞ்சி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்னத்த ஊத்தினீங்க தம்பி?"

"நீங்க சொன்ன நல்ல தண்ணிதான் காக்கா."

"எந்த நல்ல தண்ணி?"

"எங்கட வளவுக் கிணத்துத் தண்ணி. துணியில வடிச்சு ஊத்தினன்."

கடையில் காத்திருந்த இரண்டு பேர் வெடித்துச் சிரித்தார்கள். "தண்ணி மட்டுந்தானா மோட்டர்காரரே, சோறு குடுக்கலயா?" என்று ஒருவன் கேட்டான். "நாளைக்கு மீன் குழம்போட வருவார், இருந்து பார்" என்றான் மற்றவன்.

காக்கா சிரிக்கவில்லை. "நான் சொன்னதுலயும் பிழை இருக்கு தம்பி. எங்கட தொழில்ல நல்ல தண்ணி எண்டா ஆசுபத்திரியில ஆவி புடிச்சு வடிச்செடுக்கிற தண்ணி. கிணத்துத் தண்ணி எவ்வளவு இனிச்சாலும் அதுக்குள்ள உப்பு இருக்கும், நம்மட நாக்குக்குப் புடிபடாது. உள்ள தகட்ட அது திண்டுபோட்டுது. ஒரு அறை செத்துட்டு, மத்தது ரெண்டும் அதுக்குப் பின்னால போகுது. மாத்துங்க. இப்ப கையில புதுசு ஒண்டு இருக்கு, நானே பூட்டித் தாறன்."

மாற்ற என்னால் முடியாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும் காக்கா. என்ட கார எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம், காலையில் முன்பக்கத்து ஹான்டிலைச் சுற்றித்தான் ஸ்ரார்ட் பண்ணுவேன், ஒரு தரம் பிடித்தால் வீடு திரும்பும்வரை எஞ்சினை நிற்பாட்டமாட்டேன். உன் அம்மா கேட்டாள்: "அந்தக் காக்கா மாத்தச் சொன்னாராமே, மாத்தினா என்ன?" அவளுக்கு யார் சொன்னது என்று எரிந்து விழுந்தேன்.

இனி அந்த நாள். முதல் நாள் பின்னேரமே அவளுக்கு வயிற்றில் வலி தொடங்கிவிட்டது, வலது பக்கம், கீழே. விடிந்ததும் வாந்தி எடுத்தாள். காரில் போட்டால் அரை மணித்தியாலத்தில் ஆசுபத்திரி என்றேன். பெரியம்மா கூட வர நின்றாள், நீ அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதாய், நான்தான் "தேவையில்ல, புள்ளையப் பாருங்கக்கா, நான் போய்ட்டு மத்தியானத்துக்கு வந்துடுவன்" என்றேன். உனக்கு ஒன்பது வயது. ஹான்டிலை நாற்பது, ஐம்பது தரம் சுற்றின பிறகு கார் பிடித்தது. துறைக்கு வந்து பாதையில், அந்தச் சோடித் தோணிப் பலகையில், காரை ஏற்றினேன். எங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. பாதைக்காரர் சீனித்தம்பி வழக்கமாக எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். "எஞ்சின நிப்பாட்டுங்க தம்பி. பலகை அதிருது. நடு வாவியில கார் அசைஞ்சா எல்லாரும் தண்ணிக்குள்ளதான்."

பற்றரி சரியில்லை என்று ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம். காரின் சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு எஞ்சின் ஓடட்டும் என்று விட்டிருப்பார், அவ்வளவு இரக்கமுள்ள மனிதர். என் வாயால் அது வரவில்லை. நிற்பாட்டினேன்.

அக்கரையில் ஸ்ராட்டரை மிதித்தேன். டிக் என்றது, அவ்வளவுதான். அவரும் நானுமாகக் காரைத் தள்ளிக் கரையில் ஏற்றினோம். தள்ளிப் பார்த்தோம், பிடிக்கவில்லை. பற்றரி அடியோடு போனால் எஞ்சினுக்குப் பொறி கிடையாது, எவ்வளவு தள்ளினாலும் எவ்வளவு சுற்றினாலும் பொறி வராது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஹான்டிலை எடுத்தேன். சீனித்தம்பி கிட்ட வந்தார்.

"தம்பி, என்ட வண்டில் அந்தா மரத்தடியில நிக்குது. மாடு பூட்ட அஞ்சு நிமிசம். உங்கட பொஞ்சாதிய ஏத்துங்க, டவுன் மூணு மைல்கூட இல்ல."

"வேணாம். இப்ப பிடிக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். "அந்தப் பொம்புளப்புள்ளைட முகம் சரியில்ல தம்பி. கார் எங்கயும் போகாது, நான் ஆள வெச்சுப் பார்த்துக்கிறன்."

"இப்ப பிடிக்கும் எண்டு சொல்றனே!"

உன் அம்மா பின்சீற்றில் முழங்காலை மடித்துக்கொண்டு கிடந்தாள். "இஞ்சாருங்க, வண்டிலிலயே போவமே. எனக்கு ஏலாம வருது" என்றாள். அதற்கு நான் சொன்னதை உனக்கு ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன். "கார் வெச்சிருக்கிறவன்ட பொஞ்சாதி மாட்டு வண்டிலில டவுனுக்குள்ள போறதா? ஆக்கள் என்ன கதைப்பாங்க?" இதுதான் நான் சொன்னது. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. முனைகளைச் சுரண்டினேன், வயரை இறுக்கினேன், மறுபடி சுற்றினேன். ஒரு கட்டத்தில் அவள், "வலி நிண்டுட்டுது" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் மகனே. "பார்த்தீங்களா சீனித்தம்பியண்ணன், வலி நிண்டுட்டுதாம்!" என்று கத்தினேன். அவர் மாட்டை அவிழ்த்து வண்டிலில் பூட்டப் போனார். அந்த உற்சாகத்தில் முழுப் பலத்தையும் போட்டுச் சுற்றினேன். செத்த பற்றரியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்த கடைசிப் பொறி அப்போதுதான் விழுந்தது. எஞ்சின் ஒரு தரம் பின்னுக்கு உதைத்தது, ஹான்டில் திரும்பி அடித்தது, என் மணிக்கட்டு முறிந்தது. நான் மண்ணில் உட்கார்ந்திருந்தபோது, அவள் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கிக்கொண்டிருந்தாள். சீனித்தம்பி என்னிடம் கேட்கவில்லை. அவளைத் தூக்கி வைக்கோலில் கிடத்தினார், என்னையும் ஏற்றினார், பாதைத் தோணியை அப்படியே விட்டுவிட்டு ஆசுபத்திரி வரை மாட்டை ஓட ஓட விரட்டினார்.

டொக்டர் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம், "வலி எப்ப நிண்டது?" என்று கேட்டார். சொன்னேன். "அப்பதான் உள்ள குடல்வால் வெடிச்சிருக்கு. காலையில கொண்டு வந்திருந்தா வெட்டி எடுத்திருப்பம்" என்றார். ஒரு மனிதர் என் கைக்குச் சுண்ணாம்புக் கட்டுப் போட்டார். அவள் அடுத்த நாள் மத்தியானம் போனாள்.

பிரேதம் வீட்டில் கிடக்கும்போது உன் பெரிய மாமா கேட்டார், "அத்தான், விடியப் போனீங்க, ஏன் இவ்வளவு சுணங்கினது?" எல்லாரும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொன்னேன்: "பாதைக்காரன் எஞ்சின நிப்பாட்ட வெச்சான். பிறகு வண்டில் கேட்டன், தரமாட்டன் எண்டு நிண்டான். சுத்திச் சுத்தித்தான் கை முறிஞ்சது." யோசித்துச் சொன்னதில்லை. வாயில் தானாக வந்தது. வந்ததைத் திரும்ப எடுக்க அன்றைக்கே எனக்கு ஆயிரம் நிமிஷம் இருந்தது, நான் எடுக்கவில்லை. எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கு முன்னாலேயே உன் மாமன்மார் இரண்டு பேரும் துறைக்குப் போய் அந்த மனிதரை அடித்தார்கள். "வண்டில் குடுத்தது நான்தான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். பெண்சாதியைப் பறிகொடுத்துக் கை முறிந்தவன் பேச்சை விட்டு, பாதைக்காரன் பேச்சை யார் கேட்பார்கள்? ஊர் அதிகாரி விதானையார் பாதை ஓட்டும் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். சீனித்தம்பி குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். நீ அவருடைய பெயர் கேட்டாலே காறித் துப்புவாய், துப்புவதற்கு உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன். பின்னேரங்களில் என் மணிக்கட்டுக்கு எண்ணெய் பூசி உருவி விடுவாயே, அந்தச் சின்னக் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். நீ உருவினாய், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் காரின் சில்லுக்கு ரியூப் தேடிச் செங்கலடிக்குப் போனேன். சந்தியில், பஸ் நிற்கிற இடத்தில், ஒரு வயதானவர் தயிர்ச் சட்டிகளை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். நான் அடையாளம் காணுமுன் அவர் கண்டுவிட்டார். இருமிக்கொண்டே எழும்பி நின்றார். ஏசப்போகிறார், சனத்தைக் கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, கை இப்ப சுகமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். "சுகம்" என்றேன். "மகன் வளந்திருப்பான் என்ன?" என்றார். "ஓம், கலியாணம் பேசியிருக்கு" என்றேன். "நல்லது, நல்லது" என்றார். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறிவிட்டேன் மகனே. அவ்வளவுக்குப் பிறகும் வாய் திறக்கவில்லை.

இன்று புதுப் பற்றரி பூட்ட எனக்கு அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. எல்லாச் சுவிச்சையும் அணைத்தேன். காரின் உடம்போடு கட்டின வயரை முதலில் கழற்றினேன், அதை முதலில் கழற்றினால் சாவி தவறி இரும்பில் பட்டாலும் பொறி பறக்காது. பிறகு மற்ற வயர். பழையதைச் சரிக்காமல் நேரே தூக்கி வைத்தேன். தட்டில் அசிட் ஊறித் தின்ற இடத்தை அப்பச்சோடாத் தண்ணியால் கழுவிக் காயவிட்டேன். கூட்டல் எது கழித்தல் எது என்று இரண்டு தரம் பார்த்துப் புதியதை இறக்கி, ஆடாமல் இறுக்கி, உடம்பு வயரைக் கடைசியாகக் கட்டி, முனைகளில் வசிலின் பூசினேன். முனை இறங்கச் சுத்தியலால் தட்டவேயில்லை, தட்டினால் உள்ளே தகடு உடையும். இவ்வளவுதான் வேலை. காசிம் காக்கா இதைத் தரும்போது, "இப்பவாவது கேட்டீங்களே" என்றார், ஆசுபத்திரித் தண்ணி ஒரு போத்தலும் கூடவே தந்தார். அந்த அரை மணித்தியாலத்தைப் பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செலவழித்திருந்தால் உன் கலியாணத்துக்குப் பலகாரம் சுட அவள் இருந்திருப்பாள். தெரியாமல் கிணற்றுத் தண்ணி ஊற்றினதை நீ மன்னிக்கலாம். தெரிந்த பிறகு நான் செய்ததைத்தான் நீ யோசிக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே, உன் மாமனார் வீட்டில் ஒரு புது இடத்தில் இருக்கப் போகிறாய், தினமும் அந்த வெட்கம் வரும், அப்போது கேள். வண்டில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் ஏறு.

இந்தக் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைக்காதே. ஊருக்கு வந்ததும் பெரியம்மாவைக் கூப்பிடு, மாமன்மார் இரண்டு பேரையும் கூப்பிடு, அன்று பிரேதத்தைச் சுற்றி நின்றவர்களில் உயிரோடு இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு, பகலில், சத்தமாக வாசி. மரத்தடியில் வண்டில் நின்ற இடத்தை மெல்லமாக வாசித்துத் தாண்டிப் போகாதே. நான் அந்த நேரம் அங்கே இருக்கமாட்டேன், அடிக்க நினைப்பவர்கள் கொட்டிலுக்கு வரட்டும். கலியாணத்துக்கு நான் வரலாமா கூடாதா என்பதை நீ சொல். ஆள் அனுப்பாமல் நீயே வந்து சொல். ஆனால் அதற்கு முன்னால், எல்லாரும் கூடியிருக்கும்போதே, வெற்றிலை வைத்துச் சீனித்தம்பியண்ணனிடம் மன்னிப்புக் கேட்கச் செங்கலடிக்கு யார் யார் போவது என்று முடிவு பண்ணுங்கள். என்னைவிட அவருக்குப் பத்து வயது கூட. இருமுகிறார்.